ஒரே வீடு, ஏழு அடுப்பு

போன மாசம் சென்னையிலிருந்து நண்பர்கள் ரெண்டு குடும்பமா வந்திருந்தாங்க. சனிக்கிழமை மதியம் நம்ம தோட்டத்துலதான் சாப்பாடு. வீட்டுக்காரம்மா வெண்டைக்காய் மண்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வெச்சிருந்தாங்க. வேப்பமரத்து நிழல்ல பாயை விரிச்சு எல்லாரும் உட்கார்ந்தோம். மறுநாள் அவங்களுக்குச் செட்டிநாட்டு வீடு பார்க்கணும்னு ஆசை. பக்கத்துல ஒரு பெரிய வீட்டை இப்ப விடுதியா நடத்துறாங்க. அங்கே கூட்டிட்டுப் போனேன். சாப்பாடும் அங்கேயே, அவங்க செலவுல.

அந்த வீட்டோட போஜன் ஹாலைப் பார்த்ததும் நண்பர் அப்படியே நின்னுட்டார். நீளமான கூடம், வரிசையா தூண், ஒரே நேரத்துல நூறு இலை போடலாம். "கூட்டுக் குடும்பம்னா இதாண்ணே. மொத்தக் குடும்பமும் தினமும் இங்க ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாங்க. நாமதான் எல்லாத்தையும் தொலைச்சுட்டு ஆளுக்கொரு ஃபிளாட்ல கிடக்கிறோம்" என்றார்.

நான் சிரிச்சு வெச்சேன். இலை போட்டுட்டாங்க, சோறு வந்துடுச்சு, அந்த நேரத்துல என்ன விவாதம்? ஆனா சாப்பிடும்போது மூணு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு, அந்த வீட்டுல தினமும் எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டதே கிடையாது. ரெண்டாவது, அந்தக் கூடத்துக்கு வாழையிலை கொண்டு வந்து போட்டவர் எங்க அய்யா, அதாவது அப்பாவோட அப்பா. அவர் ஒரு நாள்கூட அதுக்குள்ள உட்கார்ந்து சாப்பிட்டதில்ல. மூணாவது எங்க வீட்டுக் கதை. அதைக் கடைசியில சொல்றேன்.

அய்யாவுக்குக் கண்மாய்க்குக் கீழ ஒண்ணரை ஏக்கர் நஞ்சை. கிணத்தடியில கொஞ்சம் கீரை, கத்தரி, வாழை. விடிஞ்சதும் கூடையைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவார். செட்டிநாட்டு வீடுகள் தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். முகப்பு ஒரு தெருவுல இருந்தா பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். அய்யாவுக்குப் பின்வாசல். கூடையை இறக்கினா ஏழு ஆச்சிமார் வருவாங்களாம். ஏழு பேருக்கும் ஏழு அடுப்பு. ஒருத்தங்க ரெண்டு கட்டு கீரை எடுப்பாங்க, இன்னொருத்தங்க "இன்னைக்கு எங்களுக்கு வேண்டாம்"பாங்க. விலையும் ஏழு தடவை பேசணும், காசும் ஏழு கையிலிருந்து வாங்கணும். "ஒரு வீட்டுக்குத்தாண்டா போவேன், ஏழு வீடு ஏறி இறங்குன அலுப்பு வந்துரும்" என்று அய்யா சொல்லுவார்.

சின்ன வயசுல இதைக் கேட்டப்போ, அவங்களுக்குள்ள சண்டை போலன்னு நெனச்சேன். சண்டை இல்ல, அது வழக்கம். நகரத்தார் இதை 'வேறு வைத்தல்' என்பார்கள். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆனதும், பெற்றவர்களே மகனையும் மருமகளையும் தனியாக அடுப்பு வைக்கச் சொல்வார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்று அவர்களுக்கு. பின்கட்டில் ஓர் அடுப்பு. நெல், பருப்பு, கைச்செலவுக்குப் பணம் என்று வருஷத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் சிக்கனமாகக் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும்.

யோசிச்சுப் பார்த்தா இதுல பெரிய புத்தி இருக்கு. ஆம்பளைங்க கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன சமூகம். வீட்டுல இருக்கிற பொண்ணு கையில சாவியும் கணக்கும் இருக்கணும். ஒரே அடுப்புல ஏழு பேர் கரண்டி விட்டா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கூரையை உடைக்காம இருக்கணும்னா அடுப்பைப் பிரிச்சுடணும். அதைச் சண்டை வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடணும்.

இந்தக் கணக்கு வீட்டோட நிற்கவில்லை. கல்யாணமான ஒரு ஜோடி நகரத்தாருக்கு ஒரு 'புள்ளி'. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் அதில் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அடுப்புதான் தலைக்கட்டு.

இதைக் கண்ணால பார்க்கணும்னா தை மாசம் நாட்டரசன்கோட்டைக்கு வாங்க. சிவகங்கைக்குப் பக்கம்தான். தைப்பொங்கல் முடிஞ்சு வர்ற முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோயில் முன்னால நகரத்தார் எல்லாரும் கூடிப் பொங்கல் வைப்பாங்க. செவ்வாய்ப் பொங்கல்னு பேர். புள்ளிக்கு ஒரு பானை. யார் பானை முதல்ல என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பாங்க. கோடீஸ்வரனா, மாதச் சம்பளக்காரனா என்று சீட்டுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான பானைகள் வரிசையா நிக்கும், வெளிநாட்டுல இருக்கிறவங்ககூட வந்துடுவாங்க. அடுப்பு தனித்தனிதான், ஆனா புகை எல்லாம் ஒண்ணா மேல போகும்.

அப்போ போஜன் ஹால் எதுக்கு? கல்யாணம், அறுபதாங் கல்யாணம், முன்னோர்களுக்குப் படைக்கும் 'படைப்பு' நாள், இதுகளுக்கு. படைப்பு அன்று பங்காளிகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, சமைத்துப் படைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாள் குறித்து, பங்கு பிரித்து, ஆளைக் கூப்பிட்டு நடத்துகிற விருந்து அது. அவங்க சேர்ந்து சாப்பிட்டதுக்கு நாள், நட்சத்திரம், செலவுக் கணக்கு எல்லாம் உண்டு.

இதுல வேடிக்கை என்னன்னா, வீட்டுல தனித்தனியா உலை வெச்ச அதே குடும்பத்து ஆம்பளைங்க, கடல் தாண்டிப் போன இடத்துல ஒண்ணா சாப்பிட்டாங்க. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்களுக்குக் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கட்டடத்தில் பல கடைகள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் அங்கேயே தொழில், ராத்திரி அங்கேயே பாய். சமைக்க ஊரிலிருந்து ஆள் போயிருப்பார். மனைவி மக்களை விட்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஆண்களுக்கு அந்தப் பந்திதான் குடும்பம். 1859ல் அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் டாங்க் ரோட்டில் இன்னும் இருக்கிறது. அங்கே தைப்பூசம் இன்றும் விசேஷம்.

பர்மாதான் இதில் பெரிய கணக்கு. 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் காட்டை அழித்து வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். பிறகு உலகப் பெருமந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 100க்கு 6 பங்கு. 1938ல் அது 25 பங்கு. நிலம் வேண்டுமென்று போனவர்கள் இல்லை, கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. ஆனாலும் நானும் ஒரு சம்சாரிங்கிறதால, அந்தப் பக்கம் நிலத்தைக் கொடுத்துட்டு நின்னவன் முகம்தான் எனக்கு முதல்ல ஞாபகம் வரும். இன்னைக்குச் செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில கவுனி அரிசி இனிப்பு வைக்கிறாங்க. பர்மாவிலிருந்து வந்த கறுப்பு அரிசி அது. ருசி அருமை. அதுக்குள்ள இத்தனை பேர் கதையும் இருக்கு.

1941 டிசம்பர் 23ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், காடு மலை தாண்டிக் கால்நடையாகவும் திரும்பினார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. அதை நம்பியிருந்த சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. அந்த வருஷங்கள்ல பெரிய வீட்டுப் பந்திகள் சுருங்கிப் போச்சுன்னு அய்யா சொல்லியிருக்கார். இலைக்கு ஆளில்ல, கீரைக்குக் கடன் சொன்னாங்களாம். எங்க வீட்டுல பெருசா ஒண்ணும் மாறல. எங்களுக்கு அப்பவும் கேப்பைக் கூழ்தான், அதுக்கு முன்னாடியும் கேப்பைக் கூழ்தான்.

இப்ப ரெண்டாவது விஷயம். கல்யாணம்னா அய்யா முந்தின நாள் ராத்திரியே இலை அறுத்து, கட்டி, தலையில தூக்கிட்டுப் போவார். பந்தி முடிஞ்சு, எல்லாரும் தாம்பூலம் போட்டு, கூடம் கழுவின பிறகு பின்கட்டுல அவருக்கும் சாப்பாடு உண்டு. வயிறு நிறையப் போடுவாங்க, வீட்டுக்கும் கொடுத்து விடுவாங்க. அதுல ஒரு குறையும் அவர் சொன்னதில்ல. ஆனா "உள்ள எப்படி இருக்கும் அய்யா?" என்று நான் கேட்டப்போ, "இலையோட நுனி எந்தப் பக்கம்னு தெரியும்டா, அது போதும்" என்றார். அதுக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

பெரிய வீட்டை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் எழுந்து போயிட முடியாது. அய்யாவுக்குப் பின்கட்டாவது இருந்துச்சு. எங்க நிலத்துல நாத்து நட, கதிரறுக்க காலனியிலிருந்து வந்தவங்களுக்கு எங்க வாசப்படியே கிடையாது. கூழைத் தூக்கி ஊத்துவாங்க, தண்ணி சிரட்டையில. அந்தச் சிரட்டை வேலியில செருகியிருக்கும். எங்க அப்பத்தா கை தாராளம், ஊத்தும்போது அளவே பார்க்காது. ஆனா ஊத்துற உயரம் குறையாது. இதை எழுதக் கூச்சமாத்தான் இருக்கு. எழுதலேன்னா மேல எழுதினது எல்லாம் வெறும் பெருமை.

யாரோட யார் உட்கார்ந்து சாப்பிடலாம்னு இந்த மாநிலமே ஒரு காலத்துல சண்டை போட்டிருக்கு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924, 25ல் பெரிய விவகாரமானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம். அந்தக் குருகுலத்தில் இருந்த இளைஞர் ஒருவர், அந்தப் பேதம் பிடிக்காமல் விலகி எங்க பக்கம் வந்தார். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயலில் ஓர் ஆசிரமம் நடத்தினார். 1927ல் காந்தி அவரைத் தேடி அங்கேயே வந்தார். அந்த இளைஞர்தான் ஜீவா. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு வர்றவங்க, அப்படியே கொஞ்ச தூரம் தள்ளிப் போனா சிராவயல். ஒரு தனிப்பந்தியை எதிர்த்து வந்த மனுஷன் நின்ன மண்.

ஆனா ஊருக்குள்ள ஒரே வரிசைன்னு நான் கண்ணால பார்த்தது பள்ளிக்கூடத்துலதான். காமராஜர் 1956ல் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நான் ஒண்ணாங்கிளாஸ். தட்டை எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடியில உட்காருவோம். எனக்கு இந்தப் பக்கம் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை பேரன், அந்தப் பக்கம் எங்க வயல்ல கதிரறுத்தவரோட மகன். சாம்பார்ல உப்பு இருந்தா பருப்பு இருக்காது. அப்பத்தாவுக்கு இது தெரிஞ்சு முதல்ல முணுமுணுத்துச்சு. அப்புறம் அதுவும் பழகிடுச்சு. வேலியில இருந்த சிரட்டை எப்ப காணாமப் போச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. நான் அஞ்சாவது படிக்கும்போது அது இல்ல.

இன்னும் ஒரு பந்தி எங்களுக்கு உண்டு. அது எங்க பந்தி. சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்கள்ல தண்ணி வத்துற காலத்துல மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவங்க கரையில நின்னு துண்டை வீசினதும் ஊரே உள்ள இறங்கும். ஊத்தா, வலை, கச்சா, எது கிடைச்சாலும் சரி. விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி, அவனவன் அதிர்ஷ்டம். அன்னைக்குப் பிடிக்கிற மீனை விக்கக் கூடாதுங்கிறது எங்க ஊர் வழக்கம். சமைக்கணும், இல்லாட்டி கொடுக்கணும். ஒண்ணும் கிடைக்காதவன் வீட்டுக்கு அக்கம்பக்கத்துல இருந்து நாலு மீன் போயிடும். மதியம் தெருவுல நடந்தா எல்லா வீட்டுலயும் ஒரே வாசனை. அடுப்பு நூறு, குழம்பு ஒண்ணு.

இப்ப மூணாவது விஷயம், எங்க வீட்டுக் கதை.

அப்பா போன பிறகு ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் தம்பியும் நிலத்தைப் பிரிச்சோம். கிணறு பொது. மோட்டார் ஓட்டுற முறையில தகராறு வந்து, ரெண்டு வருஷம் பேச்சு இல்ல. வீட்டுக்கு நடுவுல ஒரு சுவரும் எழும்பிடுச்சு. அம்மா யார் பக்கம் சாப்பிடுறதுன்னு பஞ்சாயத்துல பேச்சு வந்துச்சு. மாசத்துக்கு ஒரு வீடுன்னாங்க. அம்மா எழுந்து, "நான் என்ன ஏலச்சீட்டா, மாசா மாசம் கைமாற? எனக்கு ஒரு மண்ணடுப்பு போதும்"னு சொல்லிட்டு, கொல்லையில தனியா உலை வெச்சுடுச்சு. ஒரே வளாகத்துல மூணு அடுப்பு. எனக்கு அப்ப அது பெரிய அவமானமா இருந்துச்சு. ஊர்ல என்ன சொல்லுவாங்க, குடும்பம் சிதறிப் போச்சும்பாங்களேன்னு தூக்கம் வரல.

மறு வருஷம் மீன்பிடி வந்துச்சு. நானும் தம்பியும் ஒரே கண்மாய்ல, எதிரெதிர்க் கரையில இறங்கினோம். அவனுக்கு ரெண்டு நல்ல விரால். எனக்குக் கையளவு கெண்டைதான். வீட்டுக்கு வந்து கூடையை வெச்சா, அம்மா ரெண்டு கூடையையும் இழுத்து ஒரே சட்டியில ஆய்ஞ்சு போட்டுடுச்சு. யாரையும் கேக்கல. குழம்பு கொதிச்சதும் பேரன் பேத்திகளை விட்டு ரெண்டு வீட்டையும் கூப்பிட்டுச்சு. கொல்லையில மண்ணடுப்பு முன்னாடி பத்துப் பேர் உட்கார்ந்தோம். தம்பி என்னைப் பார்க்கல, நானும் அவனைப் பார்க்கல. "முள்ளு பார்த்து"ன்னு என் மகன்கிட்ட அவன் சொன்னதுதான் அன்னைக்கு நடந்த ஒரே பேச்சு. மோட்டார் தகராறு தீர மேல எட்டு மாசம் ஆச்சு. ஆனா அந்தச் சுவர்ல ஒரு வாசல் வைக்க மறுவாரமே கொத்தனார் வந்துட்டார்.

அந்த மூணு அடுப்பு இன்னைக்கும் மூணாத்தான் இருக்கு. ஒண்ணாக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. தம்பி சம்சாரம் காரம் தூக்கலா வைக்கும், எங்க வீட்டுல புளி தூக்கல், அம்மாவுக்கு ரெண்டும் ஆகாது. நல்ல பண்டம் எது செஞ்சாலும் ஒரு கிண்ணம் வாசல் தாண்டும். அய்யா சொன்ன ஏழு அடுப்பு எனக்குப் புரிஞ்சது இதுக்கப்புறம்தான்.

அதனால சென்னை நண்பருக்கு நான் அன்னைக்குச் சொல்லாத பதில் இது. ஃபிளாட்டுல தனி அடுப்பு வெச்சதால நீங்க எதையும் தொலைக்கல. செட்டிநாட்டுல ஒரே கூரைக்குள்ளயே அப்படித்தான் இருந்தாங்க. சேர்ந்து சாப்பிடுறதுங்கிறது தானா நடக்கிற காரியம் இல்ல. யாராவது நாள் குறிக்கணும், யாராவது கூப்பிடணும், முக்கியமா யாரையும் பின்கட்டுல உட்கார வைக்காம இருக்கணும். அடுப்பைப் பிரிக்கிறது பிரிவு இல்ல, ஆளைப் பிரிச்சு உட்கார வைக்கிறதுதான் பிரிவு. நம்ம பழைய பந்திகள்கிட்ட கத்துக்க வேண்டியதும் இருக்கு, தலைமுழுக வேண்டியதும் இருக்கு.

விடியக்காலை பல்லவனுக்குக் காரைக்குடி ஸ்டேஷன்ல நின்னு பாருங்க. சென்னைக்குப் போற பிள்ளைங்க கையில துணிப்பையைவிடக் கனமா இன்னொரு பை இருக்கும். இடிச்ச மிளகாய்ப்பொடி, கருவாடு, தேன்குழல், அரிசி. அது வேறு வைச்ச மகனுக்கு ஆத்தா அளந்து கொடுக்கிற படிதான், வேற என்ன.

அந்தப் போஜன் ஹால்ல அன்னைக்கு நானும் உட்கார்ந்தேன். இலை போட்ட பையன் அவசரத்துல நுனியை வலப்பக்கம் போட்டுட்டான். நான் ஒண்ணும் சொல்லல, எடுத்துத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். நண்பர், "என்னண்ணே?"ன்னார். "ஒண்ணுமில்ல, எங்க அய்யாவுக்கு இதெல்லாம் சரியா இருக்கணும்" என்றேன்.

அடுத்த தடவை அவங்க வரும்போது மதியம் எங்க வீடு, ராத்திரி தம்பி வீடுன்னு பேசி வெச்சிருக்கோம். அம்மாகிட்டயும் சொன்னேன். "அப்ப காலைப் பலகாரம் யாரு அடுப்புல?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம உளுந்தைப் புடைக்க ஆரம்பிச்சுடுச்சு.